மாதா சீசாவில் நீலகிரித் தைலம்

சேசு மரி சூசை துணை

கடத்தூர்
நவம்பர் 14

அன்பு மகள் கேத்தரினுக்கு அம்மா ரோசம்மா எழுதிக்கொள்வது. இங்கே உன் அப்பா, அண்ணன், அண்ணி, அவர்கள் மகள் ஷெரின் குட்டி, சினைப்பசு, விடியும் முன்பே கூவித் தொலைக்கும் பக்கத்து வீட்டுச் சேவல் வரைக்கும் எல்லோரும் சுகம். அந்தக் குளிர் தேசத்தில் நீயும் மாப்பிள்ளையும் என் பேரன் ஜோஸ்வினும் கைகால் சுகத்தோடு இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். வீடியோ காலில் நான் வாயைத் திறந்தால் உன் அண்ணன் பிரகாஷ் பின்னால் நின்று ஒவ்வொரு பேச்சுக்கும் திருத்தம் சொல்கிறான், உன் அப்பா தலையை நீட்டி என்னை மறைத்துக்கொள்கிறார், ஷெரின் போனையே பிடுங்கிக்கொண்டு ஓடுகிறாள், இதில் ஒரு விஷயத்தை ஒரே மூச்சில் எப்படிச் சொல்வது. அதோடு இந்த விஷயத்தை நானே என் கையால் முழுசாக எழுதியாக வேண்டிய கட்டாயம் ஒன்று இருக்கிறது, அது என்ன என்று கடைசியில் சொல்கிறேன். நேராகக் கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிடாதே, சின்ன வயதில் கதைப் புத்தகத்தை அப்படித்தான் படிப்பாய், எனக்குத் தெரியும். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் கையெழுத்துக்கு சிஸ்டர்மார் கையால் சில்வர் டம்ளர் பரிசு வாங்கியவள், அந்த டம்ளர் இன்னும் இருக்கிறது, ஆகையால் எழுத்து புரியவில்லை என்று நீ சாக்குச் சொல்ல முடியாது.

போன மாதம் ஒரு நாள் திடீரென்று போன் செய்து, நான் அனுப்பிய அந்த இருமல் மருந்துச் சீசாவைத் தொடாதே, பூட்டி வை, ஏன் என்று கேட்காதே என்று சொன்னேன் அல்லவா. நீயும் ஏன் ஏன் என்று ஏழு தடவை கேட்டாய். ஜோஸ்வினுடைய காய்ச்சல் மருந்துக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன், இன்னும் திறக்கவில்லை என்று நீ சொன்னபோது எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. திறக்கவில்லை என்று சொன்னதற்கு வந்தது, எங்கே வைத்திருக்கிறாய் என்று சொன்னதற்குப் போனது. அந்தச் சீசாவோடு நான் வைத்த சீட்டும் உனக்கு நினைவிருக்கும். பிள்ளைக்குச் சளி பிடித்தால் மூக்கில் ரெண்டு சொட்டு விடு, நெஞ்சில் நன்றாகத் தேய் என்று எழுதியிருந்தேன். அந்தச் சீட்டை முதலில் கிழித்துப் போடு. நான் எழுதினதில் கிழிக்கச் சொல்வது இதுதான் முதல் தடவை, குறித்துக்கொள்.

கதை ஊட்டியில் ஆரம்பிக்கிறது. மே மாதம் நம் கோயில் பங்கிலிருந்து சுற்றுலா போனோம். எல்லோரும் சாக்லேட் வாங்கினார்கள், வர்க்கி வாங்கினார்கள், நான் மட்டும் ரோட்டோரக் கடையில் ஒரு லிட்டர் நீலகிரித் தைலம் வாங்கினேன், வெள்ளைக் கேனில். வரும் வழியில் பஸ்ஸில் வாந்தி எடுத்தவர்களுக்கெல்லாம் கைக்குட்டையில் ரெண்டு சொட்டு விட்டுக் கொடுத்து மோந்து பார்க்கச் சொன்னேன், தர்மபுரி வருவதற்குள் பஸ்ஸில் எனக்கு டாக்டரம்மா என்று பேர் வந்துவிட்டது. அந்தப் பேர்தான் என்னைக் கெடுத்தது. ஊருக்கு வந்ததும் காலியான இருமல் மருந்துச் சீசாக்களைத் தேடித் தேடிக் கழுவி, தைலத்தை ஊற்றி, பத்து வீட்டுக்குக் கொடுத்தேன். பதினோராவதை உன் பார்சலில் வைத்தேன். முட்டி வலியா ரோசம்மாவைக் கேள், மூக்கடைப்பா ரோசம்மாவைக் கேள் என்று ஆகிவிட்டது. உன் அண்ணி ஜெயராணி மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள், அதற்காகவே ரெண்டு வருடம் படித்தவள், ஆனால் சாயங்காலம் இந்தத் தெருவில் யாரிடம் ஆட்கள் வந்தார்கள் என்று நினைக்கிறாய். எனக்குக் கொஞ்சம் தலை கனத்துத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் நான் முட்டிக்குத் தேய்த்துவிட்டு கேன் மூடியைச் சரியாக மூடாமல் கட்டில் மேலேயே வைத்துவிட்டேன். ஷெரின் விரலை விட்டு நோண்டி அதே விரலால் கண்ணைத் தேய்த்துவிட்டாள். ஐயோ அந்தக் கத்தலை நீ கேட்டிருக்க வேண்டும். நான் துணியை எடுத்துத் துடைக்கப் போனேன், ஜெயராணி என் கையைத் தள்ளிவிட்டு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் பதினைந்து நிமிடம் விடாமல் கண்ணில் தண்ணீர் விட்டுக் கழுவினாள், அப்புறம் தர்மபுரிக்குக் கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினாள், கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, கும்பிட்டுக்கொள். வந்ததும் கேனை என் முன்னால் வைத்து, "அத்தை, இது மருந்தில்லீங்க, மரத்தோட எசன்ஸு. சின்னப் பிள்ளை ஒரு வாய் குடிச்சா வலிப்பு வந்துரும். இத பீரோவுல வச்சிப் பூட்டிடறேன், சாவி என்கிட்ட இருக்கட்டும்" என்றாள். பிரகாஷும் தலையை ஆட்டினான். என் வீட்டில், என் தைலத்துக்கு, எனக்கே பூட்டு. சரி தாயே என்று கேனை எடுத்துக் கொடுத்தேன். மரியாதையாகத்தான் கொடுத்தேன். ஆனால் கொடுப்பதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை செய்தேன்.

நம் வீட்டுப் பீடத்தில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் நீல மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் சீசா நிற்குமே, வேளாங்கண்ணியிலிருந்து உன் அப்பா மந்திரித்த எண்ணெய் வாங்கி வந்தது, மேலே மாதா படம் போட்டிருக்கும். எண்ணெய் தீர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஆனால் நம் ஆட்களில் யார் அந்தச் சீசாவைத் தூக்கிப் போடுவார்கள். அது காலியாகவே நிற்கும், தூசி துடைப்பார்கள், மறுபடி வைப்பார்கள், உள்ளே என்ன என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். பூட்டும் இல்லை சாவியும் இல்லை, இதைவிட நல்ல ஒளிப்பிடம் இந்த வீட்டில் ஏது. ஜெயராணி ஷெரினுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த நேரத்தில் கேனிலிருந்து அது நிறைய ஊற்றிக்கொண்டேன். மாதாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் ஊற்றினேன், அம்மா நீயும் ஒரு மாமியார் வயதுக்காரி, புரிந்துகொள் என்று.

அதற்கப்புறம் தினம் காலையில் ஒரு தடவை சாயங்காலம் ஒரு தடவை பீடத்துக்கு முன்னால் முட்டி போடுவேன். போர்வையை மூடிக்கொண்டு ஒரு கையில் செபமாலை, இன்னொரு கையால் முட்டிக்குத் தைலம். உன் அப்பா இதைப் பார்த்துவிட்டு, "பாருங்கடா, உங்கம்மாவுக்கு இந்த வயசுல பக்தி பொங்கிக்கிட்டு வருது" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்தார். நான் மறுக்கவில்லை. மறுத்தால் எதற்கு முட்டி போட்டேன் என்று சொல்ல வேண்டி வரும்.

சீசா மூடியில் ஒரு கீறல் இருந்தது, அது என் கண்ணில் படவில்லை. நாலைந்து நாளில் பீடத்துப் பக்கம் வாசம் வர ஆரம்பித்தது, மல்லிப்பூவும் மெழுகும் கலந்ததில் தைலம் என்று யாருக்கும் பிடிபடவில்லை. முதலில் மோப்பம் பிடித்தது பக்கத்து வீட்டுக் காசியம்மாள். தயிருக்கு உறை வாங்க வந்தவள் வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சி, "யக்கா, உங்க மாதா கிட்டருந்து வாசம் வருது, எங்க மாரியம்மன் கோயில்ல பூச்சொரியல் அன்னிக்கு இப்பிடித்தான் வரும், சாமி வூட்டுக்குள்ள வந்துருச்சு" என்றாள். நான் ஊதுவத்தி என்று சொல்லியிருக்கலாம். சொல்வதற்குள் உன் அப்பா உள்ளே இருந்து ஓடி வந்து அந்த வாசத்தை முழு நெஞ்சுக்கும் இழுத்தார். இழுத்ததும் கண் கலங்கிவிட்டது, தைலம் அப்படித்தான் செய்யும், ஆனால் அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து செருப்பைக் கூட வாசலுக்கு வெளியே தள்ளி விட ஆரம்பித்தார். ஜெயராணிக்கு அந்த வாரம் பிடித்த சளி, மூக்கு அடைத்துக்கொண்டு அவளுக்கு ஒரு வாசமும் தெரியவில்லை. பிரகாஷ் ஓசூர் கம்பெனி பஸ்ஸுக்கு விடியலில் போய் இருட்டின பிறகு வருகிறவன், வந்ததும் தட்டில் சோறு மட்டும்தான் அவன் மூக்குக்குத் தெரியும். நான் தப்பித்துக்கொண்டே இருந்தேன்.

அக்டோபர் செபமாலை மாதம் அல்லவா. மாதா சுரூபம் ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று வரும், அப்படி ஒரு நாள் நம் வீட்டு முறை. தெருவே வந்து உட்கார்ந்திருந்தது, நம் ஆட்கள் மட்டும் இல்லை, காசியம்மாள் வீடு, மாதையன் வீடு எல்லோரும் வந்திருந்தார்கள், சுண்டல் கொடுப்பேன் என்று தெரியும். நான் சமையல் கட்டில் கொண்டைக்கடலைக்குத் தாளித்துக்கொண்டு இருந்தேன், கூடத்தில் ஜெயராணி செபப் புத்தகம் பார்த்துச் செபம் சொல்லிக்கொடுத்தாள், சளியிலும் நல்ல குரல் அவளுக்கு, அதை இல்லை என்று சொல்ல முடியாது. செபமாலை முடிந்து, சுண்டல் தட்டைத் தூக்கிக்கொண்டு நான் வெளியே வருகிறேன், உன் அப்பா நடுவில் எழுந்து நிற்கிறார், கையில் நீல மூடிச் சீசா.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இந்த எண்ணெய் போன வருசமே தீந்துபோச்சுங்க. நானே கவுத்துப் பாத்தவன், ஒரு சொட்டு இல்ல. இன்னிக்குப் பீடம் தொடைக்கறதுக்கு எடுக்கறேன், பாதிச் சீசாவுக்கு மேல நிக்குதுங்க. இந்த வூட்ல யாரு நம்பினாலும் நம்பாட்டியும் எம் பொஞ்சாதி ராத்திரி பகல் முட்டி போட்டது வீண் போகல" என்றார். கடைசி வார்த்தைக்குக் குரல் உடைந்து அழுதுவிட்டார். நாற்பது வருடத்தில் உன் அப்பா என்னைப் பத்துப் பேர் முன்னால் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அதை நான் எப்படி அனுபவித்திருக்க வேண்டும், சொல். நான் சுண்டல் தட்டோடு கல்லாக நின்றேன்.

மாதையன் எட்டிப் பார்த்து, எண்ணெய் தண்ணீர் மாதிரி தெளிந்து நிற்கிறது, அருள் இறங்கினால் அப்படித்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான். எல்லோரும் வரிசையில் நின்றார்கள். உன் அப்பா கட்டைவிரலால் தொட்டுத் தொட்டு ஒவ்வொருத்தர் நெற்றியிலும் சிலுவை போட்டார். "ஆத்தாடி, சில்லுனு ஏறுதுங்க, எரியவும் எரியுது, உள்ள வரைக்கும் போவுது" என்று மாதையன் நெற்றியைப் பிடித்துக்கொண்டான். பிரகாஷ் தன் நெற்றிக்கு வந்ததும் மோந்து பார்த்து, "அப்பா, இது வந்து..." என்று ஆரம்பித்தான், நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான். நெற்றியோடு முடிந்துவிடும், எரிச்சல் அரைமணியில் போய்விடும், கூட்டம் கலைந்ததும் சீசாவைக் கவிழ்த்து விடலாம், மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி வைத்து மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் காசியம்மாளின் மருமகள் யுவராணி முன்னால் வந்தாள். இடுப்பில் அவள் பிள்ளை, அஞ்சு மாதம், உன் ஜோஸ்வினை விட மூணு மாதம் சின்னவன். மூன்று நாளாக மூக்கடைப்பு, பால் குடிக்க முடியாமல் முனகிக்கொண்டிருந்தான். "பெரியப்பா, இவனுக்கு நெத்தியில வேணாங்க, நாக்குல ரெண்டு சொட்டு வுடுங்க, உள்ள போனாத்தான் சளி எறங்கும்" என்று பிள்ளையின் தாடையைப் பிடித்து வாயைத் திறந்தாள். வேளாங்கண்ணி எண்ணெயை நாம் நாக்கில் தொட்டு வைப்பது வழக்கம்தானே, உன் அப்பா யோசிக்கவே இல்லை, சீசாவைச் சாய்த்தார்.

மயங்கி விழலாமா என்று ஒரு நொடி நினைத்தேன் கேத்தரின், பொய் சொல்லவில்லை. ஆனால் நான் விழுந்தால் முதல் சொட்டை என் மூக்கில்தான் விடுவார்கள், ரெண்டாவதைப் பிள்ளைக்கு விடுவார்கள். அந்த வாய் திறந்திருந்தது, பல் முளைக்காத வாய், உள்ளே நாக்கு ரோஜா இதழ் மாதிரி. எனக்கு அதில் உன் பிள்ளை தெரிந்தான், நான் எழுதி அனுப்பிய சீட்டும் தெரிந்தது. தட்டைப் போட்டுவிட்டுப் பாய்ந்து உன் அப்பா கையைப் பிடித்தேன். "வுடாதீங்க! அது மாதா எண்ணெய் இல்ல, எம் முட்டிக்குத் தேய்க்கிற தைலம்! நாந்தான் ஊத்தி வச்சேன்!" என்று நான் போட்ட சத்தம் கடத்தூர் சந்தை வரைக்கும் கேட்டிருக்கும்.

 சுண்டல் தரையில் உருண்டுகொண்டு இருந்தது. ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை, எல்லோரும் உன் அப்பாவைப் பார்த்தார்கள், அவர் சீசாவைப் பார்த்தார். அசைந்தது ஜெயராணி ஒருத்திதான். சீசாவை வாங்கி மூடினாள், பீடத்தில் எரிந்த மெழுகுவத்திகளை அணைத்தாள், இது பக்கென்று பற்றிக்கொள்ளும் சாமான் என்று அப்புறம்தான் எனக்குச் சொன்னாள், நான் அதை நாலு மெழுகுவத்திக்கு நடுவில் வைத்திருந்தேன். ஜன்னலைத் திறந்தாள். பிள்ளையின் வாயைப் பார்த்து, "ஒரு சொட்டாவது பட்டுச்சா?" என்று மூன்று தடவை கேட்டாள். படவில்லை. அப்புறம் எல்லோரையும் சோப்புப் போட்டு நெற்றி கழுவச் சொன்னாள், அருள் வாங்கிய அத்தனை பேரும் நம் குழாயடியில் வரிசையாக நின்று அருளைக் கழுவினார்கள். யுவராணியை மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனதும் அவள்தான். மூக்குக்கு உப்புத் தண்ணீர்ச் சொட்டு கொடுத்தார்களாம், பிள்ளை இப்போது நன்றாகப் பால் குடிக்கிறான், நேற்று என் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தான்.

கூட்டம் போன பிறகு ஜெயராணி கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் ரெண்டு சொல்லிச் சமாளித்திருப்பேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "பீரோவப் பூட்டினப்பவே உங்க மொகத்தப் பாத்து ஏதோ வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன் அத்தை. முட்டி வலிக்காரங்க தெனம் ரெண்டு தடவ முட்டி போடறாங்களேன்னு யோசிச்சிருக்கணும், எனக்கு அறிவு இல்ல" என்றாள். அப்புறம், "எல்லாரும் பாக்க நீங்க ஒத்துக்கிட்டீங்க பாருங்க, நானா இருந்தா அந்தத் தைரியம் வந்திருக்குமான்னு தெரியல" என்றாள்.  அப்போதே உனக்குப் போன் போடச் சொன்னேன். அதுதான் அந்த ஏன் என்று கேட்காதே போன்.

உன் அப்பாதான் பேசவே இல்லை. மூன்று நாள். சாப்பிட்டார், மாட்டுக்குத் தண்ணீர் வைத்தார், மரவள்ளிக் காட்டுக்குப் போய் வந்தார், என்னைச் சுவர் மாதிரி பார்த்தார். ஏமாந்தது பெரிதில்லை, அழுதது உண்மையாக அழுதார் பார், அதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள், அதுதான் அவருக்கு வலி. நான்காம் நாள் காபியைக் கொண்டுபோய் வைத்து, மன்னிச்சிருங்க என்றேன். நான் அந்த வார்த்தையை அதிகம் சொல்கிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். அவர் டம்ளரை எடுத்து மோந்து பார்த்தார். மறுபடி மோந்து பார்த்தார். "இது காப்பிதான ரோசா?" என்றார். இப்போது தண்ணீர் கொடுத்தாலும் மோர் கொடுத்தாலும் மோந்து பார்த்துவிட்டு அதே கேள்விதான், வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்கள் முன்னால் வேண்டுமென்றே கேட்கிறார். கேட்கட்டும். அந்தக் கேள்வி வந்த அன்றுதான் எனக்குச் சோறு இறங்கியது.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். திரைக்கு அந்தப் பக்கம் பங்குச் சாமியார் கேட்டுக்கொண்டே வந்தார், மாதா எண்ணெய் நிரம்பினது என்ற இடத்தில் இருமினார், அது இருமல் இல்லை சிரிப்பு என்று எனக்குத் தெரியாதா. அம்பத்து மூணு மணி உருட்டும் செபமாலை அபராதம் கொடுப்பார், உட்கார்ந்தபடி முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அவர், இந்தத் தைலத்தை எத்தனை வீட்டுக்குக் கொடுத்தாய் என்று கேட்டார். பதினோரு வீடு என்றேன். "அப்ப பதினோரு வூட்டுக்கும் போய், நடந்ததை உங்க வாயாலயே முழுசாச் சொல்லி, எப்படிப் பத்திரமா வச்சிக்கணும்னும் சொல்லிட்டு வாங்க. கிறிஸ்துமஸுக்குள்ள முடிக்கணும். அதான் அபராதம்" என்றார். என் முட்டியில் முட்டி போடுவது எவ்வளவோ மேல் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஜெயராணி எனக்குப் பாடம் எடுத்தாள், அஞ்சாம் வகுப்புக்குப் பிறகு இப்போதுதான் பாடம். மறந்துவிடுவேன் என்று ஒப்பிக்கச் சொன்னாள். ஒப்பித்தேன், ஒன்று கூட விடவில்லை. முதல் வீடு தங்கம்மாள். அடுப்பு மேடையில் தீப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள், விளக்குத் திரியில் ரெண்டு சொட்டு விட்டால் வீடே மணக்குதக்கா என்றாள், மணக்கும், வீடும் எரியும் என்று சொல்லி எடுத்து உயரத்தில் வைக்க வைத்தேன். சென்றாயன் பச்சையாகவே முட்டியில் தேய்த்து மேலே துணியை இறுக்கிக் கட்டியிருந்தான், தோல் செவந்து கொப்பளித்திருந்தது. ஏண்டா என்றால், "எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு நீதான சொன்ன பெரியம்மா" என்கிறான். சொன்னேன்தான். ஒரு பெரிய கரண்டி தேங்காய் எண்ணெய்க்கு நாலு சொட்டு, அஞ்சு சொட்டு, அதற்கு மேல் கூடாது, முதலில் கையில் கொஞ்சம் தடவிப் பார்த்துவிட்டு மறுநாள் வரை ஒன்றும் இல்லை என்றால்தான் முட்டிக்கு, புண்ணில் படக்கூடாது, முகத்துக்குக் கூடாது, கட்டுப் போடக் கூடாது என்று அவனையும் ஒப்பிக்க வைத்தேன். காசியம்மாள் வீட்டில் ஆவி பிடிக்கிறேன் என்று கொதிக்கிற குண்டாவைத் தரையில் வைத்துப் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்திருந்தாள், மூடி நிறையத் தைலம் வேறு, குண்டா கவிழ்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டதும் அவளே முகம் வெளுத்துப் போனாள்.

ரொம்பச் சந்தோஷமான வீடு கலைமணி டீச்சர் வீடு. எம்.ஏ. படித்தவள், எனக்கு எப்போதும் கொஞ்சம் மேலிருந்துதான் பேசுவாள். அவள் அந்த வெள்ளை நாய்க்கு உண்ணி போகட்டும் என்று தைலம் தேய்த்து வைத்திருக்கிறாள், நாய் எச்சில் வடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறது. நாய்க்கும் பூனைக்கும் இது விஷம் டீச்சர், அதுங்க நக்கி உள்ளே போகும், உடனே கழுவி மாட்டு டாக்டரிடம் காட்டுங்கள் என்று நான் சொல்ல, அவள் "அப்பிடிங்களாம்மா, எனக்குத் தெரியாமப் போச்சே" என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள், கேத்தரின். நாய் பிழைத்துக்கொண்டது. அபராதத்தில் சந்தோஷப்படலாமா என்று அடுத்த சனிக்கிழமை கேட்க வேண்டும்.

ஒவ்வொரு வீட்டிலும் முதலில் சிரித்தார்கள். மாதா எண்ணெய்க்காரி வந்துட்டா என்றார்கள். அப்புறம் கேட்டார்கள். ஜெயராணி எனக்குச் சிவப்புப் பேனா வாங்கிக் கொடுத்து, "உங்க கையெழுத்துதான் அழகு, நீங்களே எழுதுங்க அத்தை" என்றாள், இருமல் மருந்துப் பேரைச் சுரண்டி எடுத்துவிட்டு ஒவ்வொரு சீசாவிலும் நான் எழுதிய சீட்டை ஒட்டினோம். நீலகிரித் தைலம், குடிக்கக் கூடாது, பிள்ளைகளுக்கு ஆகாது, நெருப்பருகில் வைக்காதே என்று. நம் கேனிலும் அதே சீட்டு, பீரோவுக்குள். சாவி ஜெயராணி இடுப்பில்தான், ஆனால் முட்டி வலிக்கும் நாளில் அவளே எடுத்து, அவளே தேங்காய் எண்ணெயில் கலந்து, அவளே தேய்த்தும் விடுகிறாள். நான் திருட்டுத்தனமாகத் தேய்த்ததை விட அவள் கை நன்றாக இருக்கிறது, இதை அவளிடம் சொல்லிவிடாதே. அந்த நீல மூடிச் சீசாவை உன் அப்பா கழுவிக் காயவைத்து மறுபடி பீடத்தில் வைத்துவிட்டார், காலியாக.

பத்து வீடு முடிந்துவிட்டது. பதினோராவது வீடு உன்னுடையது. பஸ் போகாத ஊரில் இருக்கிறாய், நடந்தும் வர முடியாது, அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னது கணக்கில் சேராது, முழுசாக என் வாயால் சொல்ல வேண்டும் என்பது உத்தரவு, என் வாய் இந்தப் பேனாதான். ஆகையால் கேள். பிள்ளைக்கு ஆகாததை நான் அனுப்பினேன், மருந்துச் சீசாவில் ஊற்றி அனுப்பினேன், பிள்ளை மூக்கில் விடச் சொல்லியும் எழுதினேன். தெரியாமல் செய்தேன், ஆனால் எல்லாம் தெரிந்தவள் மாதிரி செய்தேன், தப்பு அங்கேதான் இருக்கிறது. ஜோஸ்வினுக்குச் சளி என்றால் அங்கே டாக்டரைக் கேள், நெஞ்சில் மூக்கில் துணியில் எங்கேயும் இது வேண்டாம். மாப்பிள்ளைக்கு வீசிங் உண்டல்லவா, அவரும் மோந்து பார்க்க வேண்டாம், இழுப்பு கூடுமாம். யாராவது தவறி முழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, வீட்டு வைத்தியம் கூடாது, சீசாவையும் கையில் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். உன் முதுகு வலிக்கு வேண்டுமானால் தேங்காய் எண்ணெயில் கலந்து தேய், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்கு. இல்லை, வீட்டிலேயே வேண்டாம் என்றால் அங்கே மருந்துக் கடையில் கொடுத்துவிடலாமாம், எனக்கு வருத்தம் இல்லை. கொஞ்சம் இருக்கும். அபராதக் கடிதத்தில் பொய் எழுதக் கூடாது.

மாதையன் மகன் மாதவராஜ் வரும் வாரம் பெங்களூரில் விமானம் ஏறி உங்கள் ஊருக்குத்தான் வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். ராகி மாவு, புதுப் புளி, மாங்காய் ஊறுகாய், தட்டுவடை இருக்கிறது, எல்லாவற்றையும் உன் அப்பா மோந்து பார்த்துத்தான் கட்டினார். சிவப்புச் சீட்டு ஒன்றும் கடிதத்தோடு மடித்து வைத்திருக்கிறேன். பழைய பேரைச் சுரண்டிவிட்டு அதை ஒட்டு, பூட்டி வை, ஒட்டின சீசாவைப் போட்டோ எடுத்து ஜெயராணி போனுக்கு அனுப்பு. கிறிஸ்துமஸுக்கு முன்னால் அதைச் சாமியாரிடம் காட்ட வேண்டும், மறந்துவிடாதே, உன் அம்மாவின் ஆத்துமம் உன் போட்டோவுக்காகக் காத்துக்கொண்டு இருக்கிறது.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு. தினம் ஜோஸ்வின் தூங்கப் போகும் முன் என் பேரைச் சொல்லி அவன் நெற்றியில் ஒரு சிலுவை போடு. வெறும் விரலால் போடு, எண்ணெய் எதுவும் வேண்டாம். உங்கள் மூன்று பேர் மேலும் ஆண்டவர் கையும் மாதா கையும் இருக்கட்டும்.

பத்து வீடு முடித்து உன் வாசலில் நிற்கும்,
உன் அம்மா
சி. ரோசம்மா

பின்குறிப்பு: இதை எழுதி முடித்ததும் உன் அப்பா வாங்கிப் படிக்கவில்லை, மோந்து மட்டும் பார்த்தார். கடிதம்தானாம்.